கூகுளில் ஏறிய படம் எப்படிக் காணாமல் போகும்?

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கும்பகோணத்தில் இருக்கிறேன். என் 64 ஜிபி ஆண்ட்ராய்டு ஃபோன் கொஞ்ச நாளாக "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் கேட்டேன். "எல்லாப் படமும் கூகுள் போட்டோஸ்ல ஏறியிருக்கும்மா, ஃபோன்ல இருக்கறதை தைரியமா அழிச்சிடு" என்றான். அந்த ஆப்பைத் திறந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அழித்தேன். போன வாரம் பேத்தியின் காதுகுத்துப் படங்களைச் சம்பந்தி அம்மாவிடம் காட்டலாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால், அங்கேயும் ஒன்றும் இல்லை. அழித்து மூன்று வாரம் இருக்கும். கடைத்தெருவில் ஒரு ஃபோன் கடையில், 4,500 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம், ஃபோனை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? இடம் காலியாக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கிளீனர் ஆப் போட்டுக் கொடுத்தான். அதிலிருந்து திரையில் விளம்பரம்தான் வருகிறது. மகனோ, "புது ஃபோன் வாங்கித் தரேன், அதைத் தூக்கிப் போடு" என்கிறான். வாங்கட்டுமா? வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, பழசு. அதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்:

ஃபோனைக் கடையில் கொடுக்காதீர்கள் அம்மா. படங்கள் இன்னும் கூகுளிடமே இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவற்றை எடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கடிதத்தில் "மூன்று வாரம்" என்பதைப் பார்த்ததுமே இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், ஏனென்றால் இதற்குக் கெடு உண்டு. இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூகுள் போட்டோஸில் நாம் அழிக்கும் படம் அந்த நிமிடமே அழிந்துவிடுவதில்லை. 'பின்' அல்லது 'ட்ராஷ்' என்ற இடத்துக்குப் போய்க் காத்திருக்கும். கூகுளில் ஏறி முடிந்த படம் என்றால் 60 நாள், ஏறாமல் ஃபோனில் மட்டும் இருந்த படம் என்றால் 30 நாள். அதற்குப் பிறகு நிரந்தரமாகப் போய்விடும், யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டில் எதுவானாலும் இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அன்று மத்தியானமே "அழித்தும் இடம் காலியாகவில்லையே" என்று 'எம்ப்டி பின்' பொத்தானையும் அழுத்தியிருந்தால் கதை வேறு. பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்தான் அதையும் அழுத்திவிடுகிறார்கள். நீங்கள் அழுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள், பெரிய திரையில் கண்ணுக்குச் சுலபம். கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்தால் இடது பக்கப் பட்டியலில் 'பின்' இருக்கும். உள்ளே போய் முதல் படத்தின் மூலையில் இருக்கும் டிக்கைத் தொடுங்கள். கீழே இறங்கி, கீபோர்டில் ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டே கடைசிப் படத்தைத் தொட்டால் இடையில் உள்ள எல்லாம் சேர்ந்து தேர்வாகிவிடும். மேலே 'ரீஸ்டோர்' என்று வரும், அதை அழுத்தினால் போதும். படங்கள் பழைய தேதியிலேயே, பழைய ஆல்பத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஃபோனிலும் ஒருமுறை ஆப்பைத் திறந்து 'கலெக்‌ஷன்ஸ்' அல்லது 'லைப்ரரி' பக்கத்தில் இருக்கும் பின்னைப் பாருங்கள். கூகுளில் ஏறாமலே அழிந்த படங்கள் கம்ப்யூட்டரில் தெரியாது, ஃபோனில்தான் தெரியும்.

அங்கே எதுவும் இல்லையென்றாலும் உடனே கலங்க வேண்டாம். ஆப்பின் வலது மேல் மூலையில் உங்கள் படமோ பெயரின் முதலெழுத்தோ ஒரு வட்டத்தில் இருக்கும். அதைத் தொட்டு எந்த ஜிமெயில் கணக்கு என்று பாருங்கள். நம் ஊரில் ஃபோன் வாங்கும்போது கடைப் பையனே ஏதோ ஒரு பெயரில் ஜிமெயில் திறந்து கொடுத்துவிடுவது வழக்கம். பாஸ்வேர்ட் அவனுக்கும் நினைவிருக்காது, நமக்கும் தெரியாது. பிறகு மகன் வந்து சொந்தக் கணக்கு ஒன்று சேர்த்துத் தருவான். ஃபோனில் படங்கள் ஏறுவது முதல் கணக்கில், வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்திருப்பது இரண்டாம் கணக்கு. "ஒன்றுமே இல்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பலருடைய சிக்கல் இவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இது இல்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு இடமும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காதுகுத்துப் படங்களை அன்றைக்கே உறவினர் குரூப்பில் போட்டிருப்பீர்களே? வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி, ஃபோனிலேயே 'சென்ட்' என்ற ஃபோல்டரில் தங்கிவிடுகிறது. அது கேலரியில் தெரியாதபடி மறைக்கப்பட்ட ஃபோல்டர், அதனால் கூகுள் போட்டோஸ் ஆப்பில் நீங்கள் அழித்தபோது அது கைக்குச் சிக்கியிருக்காது. குரூப்பைத் திறந்து அந்தத் தேதிக்கு மேலே தள்ளிப் பாருங்கள், படங்கள் அப்படியே இருக்கலாம். வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் தரம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனாலும் சாதாரண ஆல்பம் அளவு பிரிண்ட்டுக்குப் போதும். அப்புறம், விசேஷத்துக்கு வந்த நாத்தனார் ஃபோன், தாய்மாமன் ஃபோன் எல்லாம் இருக்கின்றனவே. அவரவர் எடுத்ததை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காமல் அசல் படமே வரும்.

சரி, எப்படி இது நடந்தது?

உங்கள் மகன் சொன்னது பாதி சரி. படங்கள் கூகுளில் ஏறித்தான் இருந்தன. ஃபோனில் இருப்பதை அழிக்கலாம் என்பதும் சரிதான். எந்த ஆப்பில் இருந்து அழிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. கூகுள் போட்டோஸ் ஆப்பில் நீங்கள் பார்ப்பது ஃபோனில் உள்ள படங்களை மட்டும் அல்ல, கூகுளில் இருப்பதையும் சேர்த்துத்தான். முன்வாசல் வழியாகப் போனாலும் கொல்லைப்புறம் வழியாகப் போனாலும் கூடத்தில் இருக்கும் பெட்டி ஒன்றுதான். ஃபோன் ஒரு வாசல், கம்ப்யூட்டர் இன்னொரு வாசல். எந்த வாசல் வழியாக வந்து எடுத்தாலும் பெட்டியில் இருந்து போனது போனதுதான். இப்போது பல ஃபோன்களில் கேலரி என்று தனியாக ஒன்று வருவதே இல்லை, கூகுள் போட்டோஸ்தான் கேலரி. அதனால் மக்கள் "ஃபோனில் அழிக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு கூகுளிலும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அழிக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஆப்பும் நாளுக்குப் பத்து எச்சரிக்கை காட்டினால் யார்தான் நின்று படிப்பார்கள்? இதில் உங்களைவிட அந்த ஆப்பை வடிவமைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஐகிளவுட் போட்டோஸ் (கூகுள் போட்டோஸ் போல ஆப்பிள் தரும் சேவை) போட்டிருந்தால் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். அங்கே 'ரீசன்ட்லி டெலீட்டட்' என்ற ஆல்பத்தில் 30 நாள் வரை இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியிருந்தது இதுதான்: அதே ஆப்பில், மேலே சொன்ன வட்டத்தைத் தொட்டால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று வரும். அது கூகுளில் பத்திரமாக ஏறி முடிந்த படங்களை மட்டும் தானே கண்டுபிடித்து, ஃபோனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். கூகுளில் இருப்பதைத் தொடாது. தனித்தனியாகச் செய்ய வேண்டுமென்றால், படத்தைத் திறந்து மெனுவில் 'டெலீட் ஃப்ரம் டிவைஸ்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானைத் தொட்டால் இரண்டு இடத்திலும் போகும்.

இப்போது அந்த 4,500 ரூபாய். ஃபோனின் உள்நினைவகத்தில் இருந்து அழிந்த படத்தை மீட்பது இன்றைய ஃபோன்களில் அநேகமாக நடக்காத காரியம். ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த ஃபோன்களில் இருந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் பூட்டுச் சாவி போட்டுக் குறியாக்கம் செய்துதான் வைக்கப்பட வேண்டும் என்பது கட்டாயம். ஃபைல் அழியும்போது அதன் சாவியும் போய்விடும். போதாக்குறைக்கு, காலியான இடத்தை ஃபோனே அவ்வப்போது சுத்தம் செய்து வைத்துக்கொள்ளும். அதனால் "ரெக்கவரி சாஃப்ட்வேர்" என்று கடைக்காரர் ஓட்டுவது பெரும்பாலும், பழைய வாட்ஸ்அப் பிரதிகளையும் தபால்தலை அளவு சின்னப் படங்களையும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். அல்லது உங்கள் பின்னிலேயே இருந்ததை எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும். நல்ல கடைக்காரர் "இது முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் வேறு. மீட்பதற்கு ஃபோனின் லாக்கைத் திறந்து கொடுக்க வேண்டும். இரண்டு நாள், திறந்த ஃபோன், அதில் உங்கள் பென்ஷன் வரும் வங்கியின் ஓடிபி, ஜிபே, எல்லாம். அந்தக் கடையை நான் சந்தேகப்படவில்லை, ஆனால் எந்தக் கடையிலும் அப்படி விட்டுவரக் கூடாது.

மெமரி கார்டில் இருந்த படம் என்றால் வேறு விஷயம். கார்டில் இருந்து அழிந்தது பெரும்பாலும் உடனே போவதில்லை. அந்தக் கார்டை அப்போதே கழற்றி, அதில் புதிதாக எதையும் ஏற்றாமல், கம்ப்யூட்டரில் போட்டு போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டினால் நிறையவே திரும்பக் கிடைக்கும். உங்கள் ஃபோனில் கார்டு இருந்ததா என்று எழுதவில்லை. இருந்தால் கழற்றி வையுங்கள்.

கிளீனர் ஆப்பை இன்றைக்கே நீக்குங்கள். ஆண்ட்ராய்டுக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை, 'செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும் 'ஸ்டோரேஜ்' பகுதியே எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டிவிடும். கொஞ்சம் வசதியாக வேண்டுமென்றால் கூகுளே வெளியிட்ட 'ஃபைல்ஸ்' ஆப் இருக்கிறது. வெளியாட்களின் கிளீனர்கள் பெரும்பாலும் விளம்பரத்தால் பிழைப்பவை. 2020 ஜூனில் மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்ததே, டிக்டாக்கோடு சேர்த்து, அந்தப் பட்டியலில் கிளீன் மாஸ்டர் போன்ற கிளீனர் ஆப்களும் இருந்தன. நீக்கப் போகும்போது 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கிக் கிடந்தால், செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி அங்கே அதன் அனுமதியை எடுத்துவிட்டு வந்து நீக்குங்கள். 'ஆக்ஸஸிபிலிட்டி' பக்கத்தையும் பாருங்கள். அந்த அனுமதி பெற்ற ஆப் உங்கள் திரையில் உள்ளதை எல்லாம் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானும் அழுத்தும். பக்கத்து வீட்டுப் பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பான், அவனைத் திட்ட வேண்டாம்.

அப்படியானால் 64 ஜிபியை எதுதான் தின்றது? நான் பந்தயம் கட்டுவேன், உங்கள் பேத்தி படங்கள் இல்லை. வாட்ஸ்அப். ஆசிரியர் சங்கக் குரூப், பழைய மாணவர் குரூப், கோயில் குரூப், தெருக் குரூப், சொந்தக்காரர் குரூப். காலையில் ரோஜாப்பூ, செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், அதே வீடியோ நாலு குரூப்பில் நாலு முறை. வாட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்', அதில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. உள்ளே போனால் 5 எம்பிக்கு மேல் உள்ளவை என்று ஒரு கட்டு, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று ஒரு கட்டு தனியாகவே வைத்திருப்பார்கள். அந்த இரண்டாவது கட்டை ஒன்றுகூடப் பார்க்காமல் மொத்தமாக அழித்தாலும் உலகத்தில் எதுவும் குறையாது. பெரிய ஃபைல்களை மட்டும் கொஞ்சம் பார்த்து அழியுங்கள், அதில் மகன் அனுப்பிய பேத்தி வீடியோ ஒன்றிரண்டு கலந்திருக்கும். கீழே குரூப் வாரியாகவும் கணக்கு வரும். எந்தக் குரூப் எத்தனை ஜிபி என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஒரு படி பின்னால் வந்தால், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோ, படம் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் இறங்கும். ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஃபோன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது தற்காலிகக் குப்பையை மட்டும் எடுக்கும், தொட்டால் தப்பில்லை. இரண்டாவதைத் தொட்டால் உங்கள் உரையாடல் மொத்தமும் அந்த ஃபோனில் இருந்து போய்விடும்.

கூகுளிலும் இடம் அளவானதுதான். இலவசம் 15 ஜிபி. அது போட்டோஸுக்கு மட்டும் இல்லை, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் ஏற்றிய சுருக்கப்பட்ட படங்கள் அந்தக் கணக்கில் வராது, அதற்குப் பின்னால் ஏற்றியது எல்லாம் வரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் (உரையாடல்களின் காப்புப் பிரதி) இப்போது அந்த 15 ஜிபிக்குள்தான். முன்பு தனியாக விட்டிருந்தார்கள், 2024-க்குள் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 15 நிரம்பிவிட்டால் புதுப் படம் ஏறாது, மின்னஞ்சலும் வராது. படம் ஏறவில்லை என்பது நமக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். அதனால் ஃபோனில் இருப்பதைக் காலி செய்யும் முன் கூகுள் போட்டோஸில் அந்த வட்டத்தைத் தொட்டு 'பேக்கப் கம்ப்ளீட்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். பணம் கட்டி 100 ஜிபி வாங்குவது மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். வாங்கினால் தப்பில்லை. ஆனால் முக்கியமான படங்களுக்கு அது மட்டும் போதாது, ஏன் என்று இந்த மூன்று வாரத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அதற்குத்தான் உங்கள் பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, நீங்கள் கேள்விப்பட்டது சரி. அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள். ஆனால் படம் எடுத்து வைக்க அது தாராளமாகப் போதும், அதற்காக இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, 1 டிபி, மட்டும் வாங்குங்கள். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்ததும் ஃபோன் திரையில் மேலிருந்து இழுத்தால் "யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது" என்ற அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் கம்ப்யூட்டர் ஃபோனுக்குள் பார்க்கும். மாற்றியும் வரவில்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், வேறு எதற்கும் உதவாது. ஃபோனோடு பெட்டியில் வந்ததைப் பயன்படுத்துங்கள். 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில்தான் கேமரா படங்கள் இருக்கும், அதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தால் சரி. 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும். வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே குத்திக்கிடந்தால், கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் அன்று அதற்கும் வரும். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, மகன் ஊருக்கு வரும்போது அவரையே செய்யச் சொல்லுங்கள்.

கூகுளில் மட்டும் இருக்கும் பழைய படங்களை மொத்தமாக இறக்க 'கூகுள் டேக்அவுட்' என்ற பக்கம் உண்டு. கேட்டால், கட்டுக் கட்டாக ஜிப் ஃபைல் தயார் செய்து மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புவார்கள். அது சுமார் ஒரு வாரம்தான் இருக்கும், வந்ததும் இறக்கிவிட வேண்டும். இதையும் மகனிடம் விட்டுவிடலாம். அழிக்கச் சொன்னவருக்கு இவ்வளவு வேலையாவது கொடுக்க வேண்டாமா?

புது ஃபோன் விஷயம். வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்து, கிளீனரை நீக்கி, ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு பாருங்கள். பேட்டரி தாங்குகிறது, வங்கி ஆப் வேலை செய்கிறது, செக்யூரிட்டி அப்டேட் இன்னும் வருகிறது என்றால் இந்த வருடம் மாற்ற வேண்டியதில்லை. அப்டேட் நின்றுபோயிருந்தால் மாற்றலாம், வங்கி ஆப் வைத்திருப்பதால் சொல்கிறேன். அப்போது 128 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரம் தருகிறோம் என்று கடையில் சொன்னதும் பழையதை அங்கேயே நீட்டிவிடவும் வேண்டாம். ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும். புது ஃபோனில் படம், வாட்ஸ்அப், பென்ஷன் சம்பந்தப்பட்ட ஆப் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, பழையதில் இருந்து கூகுள் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புது ஃபோன் போல ஆக்குவது) செய்து, அப்புறம் கொடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் அடுத்து வாங்குபவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம், அப்போது கடைக்காரர் உங்களுக்குத்தான் ஃபோன் போடுவார்.